அவளுக்கு வந்த போன்

எங்கள் லயத்தில் போனைக் கையில் பிடித்துப் பேச முடியாது. சேரம்பாடிக்கு மேலே, தேயிலைச் சரிவின் நடுவில், எட்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ் ஒட்டி நிற்கும் வரிசை அது. நான்காவது வீடு எங்களுடையது. அந்த வீட்டுச் சன்னல் கம்பியில் பாதியாக அறுத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கட்டியிருக்கிறோம். அதற்குள் போனை நிமிர்த்தி நிறுத்தினால் சிக்னல் இரண்டு கோடு காட்டும். வெளியே எடுத்தால் கோடு போய்விடும். இல்லாவிட்டால் மலைக்கு அந்தப்புறத்துக் கேரளா டவர் பிடித்துக்கொண்டு மலையாளத்தில் ஏதாவது சொல்லும். அதனால் எந்த அழைப்பாக இருந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். யாருக்குப் போன் வந்தாலும் எட்டு வீடும் கேட்கும். இதில் யாருக்கும் வெட்கமில்லை.

அந்தப் பாட்டிலுக்கு முன்னால் நின்று பதிமூன்று வருடங்களாக நான் பேசி வருகிறேன். என் அம்மா கொழுந்து எடுப்பவர், கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைப்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான்தான் முதலில், கல்லூரிக்குப் போனவளும் நான்தான். ஆறாம் வகுப்பில் என் வாய்க்கு முதல் வேலை வந்தது. இரண்டாம் வீட்டு அத்தையின் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்ய வேண்டும். "உன்னோட பேர் என்னம்மா?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். நான் அத்தையின் பெயரைச் சொன்னேன். "நீங்கதான் பேசறீங்களா?" "ஆமாங்க, நான்தான்." சிலிண்டர் வந்தது. அன்றிலிருந்து லயத்தில் எல்லோருமாக நான் பேசியிருக்கிறேன். வங்கிக்கு அம்மாவாக, ரேஷன் அட்டைக்குப் பக்கத்து வீட்டுச் சித்தியாக, மருத்துவமனைக்கு மூன்றாம் வீட்டு அக்காவாக. ஒருமுறை கடைசி வீட்டு மாமாவாகவே பேசினேன், தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி. எல்லோருடைய பிறந்த தேதியும் எனக்கு மனப்பாடம். இதை நாங்கள் பொய் என்று நினைத்ததே இல்லை. தெரிந்தவர் பேசுகிறார், தெரியாதவருக்கு வேலை முடிகிறது, அவ்வளவுதான். எனக்கு அதில் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்கு அத்தனை மரியாதை கிடைத்த இடம் வேறு எதுவும் இல்லை.

படிப்பை முடித்துவிட்டு நான் படித்த அதே அரசுப் பள்ளிக்கே தற்காலிக ஆங்கில ஆசிரியையாகப் போனேன். போன வருடம் பிளஸ் டூ தேர்வு முடிந்த சமயம், எங்கள் உடற்கல்வி ஆசிரியர் என்னைத் தேடி வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். மலையில் பத்து வருடம் இருந்தும் பேச்சு கீழ்நாட்டுப் பேச்சாகவே இருந்தது.

"ஏனுங்க டீச்சர், இந்தப் புள்ளைங்க நல்லா ஓடுதுங்க, நல்லா எறியுதுங்க. போனு வந்தா மட்டும் வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நிக்குதுங்க. நீங்கதான் கொஞ்சம் பேசப் பழக்கி உடோணும்."

விஷயம் இதுதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கும் கல்லூரிகளின் பயிற்சியாளர்களுக்கு அவர் எங்கள் பிள்ளைகளின் வீடியோவையும் சான்றிதழையும் அனுப்பியிருந்தார். பிடித்திருந்தால் அவர்கள் முதலில் போன் செய்வார்கள், மாணவியிடம் நேராகப் பேசுவார்கள். அந்தப் பேச்சு திருப்தியாக இருந்தால்தான் தேர்வு ஓட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு முந்தின வருடம் நன்றாக ஓடிய ஒரு பெண் ஐந்து நிமிடமும் "சரிங்க சார்" என்பதைத் தவிர எதுவும் சொல்லாததால் அவளைக் கூப்பிடவே இல்லையாம்.

இந்த முறை மூன்று பெண்கள். குண்டு எறிபவள் ஒருத்தி, உயரம் தாண்டுபவள் ஒருத்தி, ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓடுபவள் ஒருத்தி. ஓடுபவள் எங்கள் லயத்துப் பெண், ஆறாம் வீடு. வீட்டில் என்னை அக்கா என்பாள், பள்ளி வாசலைத் தாண்டியதும் டீச்சர் என்பாள். அவளுடைய அப்பா வயநாட்டில் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வருவார். அம்மாவுக்குக் கொழுந்து வேலை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருக்கும் அவளுடைய சின்னம்மா அங்கே இவளுக்கும் ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். ஜூன் முதல் வாரம் கூட்டிப்போவதாகப் பேச்சு. கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் பயிற்சியாளர் மேடம் மட்டும்தான் இவளைப் பற்றி விசாரித்திருந்தார். நடுத்தர தூர ஓட்டத்துக்கு ஒரே ஓர் இடம் மீதி, ஹாஸ்டலோடு. அது கிடைத்தால் கல்லூரி, கிடைக்காவிட்டால் பனியன் கம்பெனி. இது எங்கள் எட்டு வீட்டுக்கும் தெரியும்.

பயிற்சி காலியான ஒரு வகுப்பறையில் நடந்தது. சார் பக்கத்து அறையில் இருந்துகொண்டு பயிற்சியாளர் மாதிரி போன் செய்வார். முதல் நாள் மணி அடித்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏன் எந்திரிச்சீங்க?"

"சார் பேசுறாங்கல்ல டீச்சர்."

"அவருக்குத் தெரியவா போகுது?"

"எங்களுக்குத் தெரியுதே" என்றாள் உயரம் தாண்டுபவள்.

குண்டு எறிபவளிடம் சார் எவ்வளவு தூரம் எறிவாய் என்று கேட்டார். "இங்கேருந்து கொடிக்கம்பம் வரைக்கும் சார்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "கம்பத்துக்கு இந்தப் பக்கமே விழுந்துரும் சார்" என்று திருத்தினாள். பக்கத்து அறையில் சார் சிரித்தது போன் இல்லாமலே கேட்டது.

அவர்களும் ஏதாவது கேள்வி கேட்க வேண்டும், கேள்வி கேட்கும் பிள்ளையைத்தான் பயிற்சியாளருக்குப் பிடிக்கும் என்று சொன்னேன். "என்னத்தக் கேக்குறது?" என்றார்கள். ஹாஸ்டல் சாப்பாடு பற்றிக் கேட்கச் சொன்னேன்.

"சோத்துக்காக வர்றாளுங்கன்னு நெனச்சுக்க மாட்டாங்களா டீச்சர்?"

"சோத்துக்கும் சேத்துத்தானேடி போறோம்" என்றாள் குண்டு எறிபவள்.

நான் ஒரு நோட்டில் பதினெட்டுக் கேள்விகளும் அவற்றுக்குப் பதில்களும் எழுதிக் கொடுத்தேன். நல்ல பதில்கள். எனக்கே அவற்றைப் படித்தால் சேர்த்துக்கொள்ளத் தோன்றும். ஓடுபவள் பதினெட்டையும் இரண்டே நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். மூன்றாம் நாள் கேட்டாள்:

"இதுல இல்லாதது ஏதாச்சும் கேட்டா, கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாமா டீச்சர்?"

"போன்ல யோசிக்கக் கூடாது. பேசாம இருந்தா லைன் கட்டாயிருச்சுன்னு வெச்சுருவாங்க. டக்குனு ஏதாச்சும் சொல்லிரணும்."

சரி என்று தலையை ஆட்டினாள். சார் அவளுக்காக என் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். அவளுடைய வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு வயநாட்டுக்குப் போயிருந்தது. என் போனுக்குத்தான் பாட்டிலும் இருந்தது.

மே மாதத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலரைக்கு மேடம் கூப்பிடுவார் என்று தகவல் வந்தது. சார் தேர்வு வேலையாக ஊட்டிக்குப் போயிருந்தார். அவளுடைய அம்மா அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியமே வந்து, மகளுக்குத் தலை பின்னி, திருநீறு வைத்து, எங்கள் வீட்டுச் சன்னலுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்தார். நாலேகாலுக்குக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் கூடிவிட்டார்கள். நாலு முப்பத்தைந்துக்குப் போன் அடித்தது.

"வணக்கம் மேடம்" என்றாள் அவள். எழுந்து நிற்கவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது.

"வணக்கம் கண்ணு. உன்ற வீடியோ பார்த்தேன். ஸ்டேட்ல நாலாவது வந்திருக்கே. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. மூணாவது ரவுண்டு வரைக்கும் முன்னால போறவ கூடவே ஒட்டிட்டுப் போனே. கடைசி ரவுண்டுல அவ வேகமெடுத்தா, நீ அப்படியே விட்டுட்டே. என்னாச்சு உனக்கு?"

பதினெட்டில் இந்தக் கேள்வி இல்லை.

அவள் வாயைத் திறக்கவில்லை. பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு என்று எனக்குள் எண்ணினேன். "பேசு புள்ள" என்று வாசலில் யாரோ முணுமுணுத்தார்கள். அவளுடைய அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். ஐந்து, ஆறு. "ஹலோ? கேக்குதா?" என்றது பாட்டில்.

நான் குனிந்து, "கேக்குதுங்க மேடம்" என்றேன். "கடைசி ரவுண்டுல மூச்சு வாங்கிடுச்சு மேடம். இப்ப அதுக்குத் தனியா பயிற்சி எடுத்துட்டிருக்கேன்."

எவ்வளவு சுலபமாக வந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. வங்கிக்குப் பேசுவதுபோலவேதான். மேடம் மேலே மேலே கேட்டார், நான் சொல்லிக்கொண்டே போனேன். காலையில் எத்தனை மணிக்கு எழுவாய், வீட்டில் சம்மதமா, என்ன படிக்க விருப்பம். ஸ்பைக்ஸ் போட்டு ஓடிப் பழக்கம் உண்டா என்று கேட்டபோது, வெறுங்காலோடு ஓடுகிறோம் என்று சொல்ல என் நாக்கு வளையவில்லை. ஆணி வைத்த அந்த ஷூவை எங்கள் பள்ளியில் யாரும் போட்டதில்லை. "உண்டுங்க மேடம்" என்றேன். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விகூடக் கேட்டேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாப் பேசறே கண்ணு" என்றார் மேடம். "ஆனா மூச்சு பத்தலேன்னா ஆயிரத்து ஐந்நூறுக்கு வேற பொண்ணைத்தான் பார்க்கோணும். ஒண்ணு பண்ணு. சனிக்கிழமை காலைல வா. எண்ணூறு மீட்டர்ல ஓடிக் காட்டு. அதுல எப்படின்னு பார்த்துட்டு முடிவு பண்றேன். ஸ்பைக்ஸ் எடுத்துட்டு வந்துரு. நம்மளது சிந்தெடிக் டிராக்."

போன் நின்றதும் வாசலில் ஒரே கூச்சல். இரண்டாம் வீட்டு அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்.

"கேஸ் புக் பண்ணுனாப்புல காலேஜையும் புக் பண்ணிப்புட்டா பாரு!"

"இனி யாரு ஓடுனா என்ன, ஓடாட்டி என்ன? இவ வாயே ஓடுது" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் அம்மா எல்லோருக்கும் தேநீர் போட்டார். டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது.

லயத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் அவள் நின்றிருந்தாள். குடம் வைக்கவில்லை, கை கழுவவுமில்லை. சும்மா நின்றாள்.

"என்ன புள்ள, சந்தோஷமில்லையா? சனிக்கிழமை கூப்பிட்டுட்டாங்களே."

"எனக்கு மூச்சு வாங்கலயே டீச்சர்."

லயத்துக்குள் அவள் என்னை டீச்சர் என்றது அதுதான் முதல் தடவை.

"பின்ன ஏன் பேசாம இருந்தே? நான் என்ன பண்றது?"

"யோசிச்சுட்டிருந்தேன். எப்புடிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டிருந்தேன். அது சொல்றதுக்கே ஒரு மாதிரி, அதான்."

பிறகு சொன்னாள். எங்கள் பள்ளி மைதானம் சின்னது, ஒரு சுற்று இருநூறு மீட்டர்தான். அங்கே ஆயிரத்து ஐந்நூறு என்றால் ஏழரைச் சுற்று. மாநிலப் போட்டி நடந்த மைதானத்தில் ஒரு சுற்று நானூறு மீட்டர், அங்கே மூன்றே முக்கால்தான். மாவட்டப் போட்டியில் சார் கோட்டோரம் நின்று எத்தனை சுற்று பாக்கி என்று கத்திக்கொண்டே இருந்தார். மாநிலப் போட்டியில் அவரை வேலிக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அவளுக்குக் கணக்குத் தவறிவிட்டது.

"கடைசிச் சுத்துக்கு மணி அடிச்சாங்க. பக்கத்துல நீளம் தாண்டுறாங்கல்ல, அவங்களுக்குன்னு நெனச்சேன். இன்னும் ஒரு சுத்து இருக்கு, அதுல புடிச்சுக்கலாம்னுதான் அவள விட்டேன். பாத்தா முடிஞ்சுருச்சு."

"இதைச் சொல்லியிருந்தா எண்ணத் தெரியாத பொண்ணுன்னு நெனச்சிருப்பாங்க."

"ஆமா. எண்ணத்தான் தெரியல. மூச்சு நல்லாத்தான் இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "எண்ணூறு நான் ஓடுனதே இல்ல டீச்சர். எனக்கு எடுத்தவுடனே வேகம் வராது. அந்த ஷூவையும் நான் கையால தொட்டது இல்ல. மேடத்துக்குப் புடிச்சது உங்களத்தான். சனிக்கிழமை நீங்களே போய் ஓடுங்க."

கோபம் வந்தது எனக்கு. எத்தனை பேருக்குப் பேசியிருக்கிறேன், யாராவது இப்படிக் கேட்டிருப்பார்களா? நன்றி கெட்டவள் என்றுகூட நினைத்தேன். "போனைக் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றாள். தர மறுத்தேன். அதற்குள் அங்கே வந்துவிட்ட அவளுடைய அம்மாவும் என் பக்கமே நின்றார்.

"வாசப்படி வரைக்கும் வந்ததக் காலால தள்ளப் போறியாடி? அக்கா பேசலன்னா அந்தம்மா வெச்சுட்டுப் போயிருக்கும். அப்புறம் திருப்பூரு பஸ்ஸுதான் ஒனக்கு."

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

நான் என் பக்கத்து நியாயத்தை எனக்கே நிரூபிப்பதற்காகத்தான் அந்த வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். சார் முதலில் எனக்குத்தான் அதை அனுப்பியிருந்தார். பயிற்சியாளர்களுக்கு அனுப்பும்போது வெற்றிக்கோட்டோடு வெட்டிவிட்டார். என்னிடம் இருந்தது வெட்டாதது. அதைப் பத்து முறைக்கு மேல் பார்த்திருப்பேன், ஒவ்வொரு முறையும் அவள் நாலாவதாகக் கோட்டைத் தாண்டியதும் நிறுத்திவிடுவேன். அன்றைக்குத்தான் அதற்குப் பிறகும் ஓடவிட்டேன். முதல் மூவரும் கோட்டைத் தாண்டியதும் தரையில் விழுகிறார்கள், ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு குனிகிறாள். எங்கள் பெண் நிற்கவில்லை. விழுந்து கிடப்பவர்களைச் சுற்றிக்கொண்டு அதே வேகத்தில் போகிறாள். வளைவு வரைக்கும் போகிறாள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் குறுக்கே ஓடிவந்து கையைப் பிடித்து நிறுத்துகிறார். அவள் அவரிடம் ஏதோ கேட்கிறாள். வாய் மூடித்தான் இருக்கிறது, நெஞ்சுகூட ஏறி இறங்குவதாகத் தெரியவில்லை. அவர் விரலால் கோட்டைக் காட்டுகிறார். அப்போது அவள் முகம் மாறுவது அத்தனை தூரத்திலிருந்து எடுத்த படத்திலும் தெரிகிறது.

நான் மூச்சு வாங்குகிறது என்று சொன்னது இவளைத்தான்.

மறுநாள் காலை வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, யானை நடமாட்டம் இல்லை என்று காவல்காரர் சொன்ன பிறகு, அவள் தோட்டத்துச் சாலையில் ஓடப் போனாள். நான் போனோடு பின்னால் போனேன். பாக்டரிக்கு மேலே ஒரு வளைவில், மழை இல்லாத காலைகளில், போனைக் காதில் வைத்துப் பேச முடியும். அங்கே காத்திருந்தேன். இறங்கி வந்தவள் என்னைப் பார்த்து நின்றாள்.

"இந்தா. நீயே பேசு" என்று போனை நீட்டினேன். "என்ன வேணா சொல்லு. என்னைப் பத்தியும் சொல்லு."

வாங்கிக்கொண்டாள். எண்ணை அழுத்திவிட்டு என்னிடமிருந்து இருபது அடி தள்ளி, தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். ஸ்பீக்கரில் போடவில்லை. அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் ஒரு போன் பேச்சை நான் கேட்டது அன்றைக்குத்தான். அவளுடைய பாதி மட்டும் துண்டு துண்டாக வந்தது.

"மேடம், நேத்து வணக்கம் சொன்னது நான். அதுக்கப்புறம் பேசுனது நான் இல்லைங்க மேடம்... எங்க டீச்சரு... இல்லைங்க, நான் பேசச் சொல்லல... ஆமாங்க, எங்க லயத்துல அவங்கதான் எல்லாருக்கும் பேசுவாங்க..."

நீண்ட நேரம் அந்தப் பக்கம் பேசினார்கள். அவள் தேயிலை இலை ஒன்றைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டாள்.

"எண்ணுறதுல தப்பிருச்சுங்க மேடம்." பிறகு எங்கள் மைதானத்தின் ஏழரைச் சுற்று, மணி, நீளம் தாண்டுபவர்கள் எல்லாவற்றையும் சொன்னாள். நடுவில் நிறுத்தினாள், யோசித்தாள், தொடர்ந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கால் ஓர் அடி முன்னால் போனது. ஓடிப்போய்ப் போனை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகக் கைகளைச் சுவெட்டருக்குள் விட்டுக்கொண்டேன். "வெறுங்கால்லதாங்க மேடம்... ஷூ போட்டதில்ல... இல்ல மேடம், எனக்கு எண்ணூறு வராதுங்க. பொய் சொல்லி வந்து ஓடிட்டு, கடைசியா வர எனக்கு வேண்டாங்க."

பிறகு என்னிடம் வந்து போனை நீட்டினாள். "உங்கள்ட்டப் பேசணுமாம்."

"வணக்கம் மேடம்" என்றேன்.

"இப்ப பேசறது யாருங்க?"

"டீச்சர்ங்க மேடம்."

"நெசமாலுமேங்களா? இல்ல, அவங்க அம்மாவா?"

"நெசமாத்தாங்க மேடம்."

"கடைசி ரவுண்டுல மூச்சு வாங்குச்சுன்னு சொன்னீங்களே, அந்த ரவுண்டு நீங்க ஓடுனீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"நேத்தே அவ பேரை ஆயிரத்து ஐந்நூறுலருந்து அடிச்சுட்டேங்க. தெரியுமா?"

முழு வீடியோ என்னிடம் இருப்பதைச் சொன்னேன். அனுப்பச் சொன்னார். போனை வைக்காமல் அனுப்ப எனக்குத் தெரியும். எங்கள் வளைவின் சிக்னலில் அது போய்ச் சேர்வதற்குள் நாலு நிமிடம் ஆகியிருக்கும். அவர் காத்திருந்தார். பார்த்தார். அவர் பார்க்கும்போது அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும் என்று நாக்கு பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி" என்றார் கடைசியில். "ஆயிரத்து ஐந்நூறே ஓடட்டும். வெறுங்காலோடவே ஓடட்டும். இன்னும் மூணு பொண்ணுங்க வர்றாங்க, அவங்களோட ஓடித்தான் ஆகோணும். இடம் தர்றேன்னு இப்ப சொல்ல மாட்டேன். அம்மாவக் கூட்டிட்டு வெள்ளிக்கிழமையே வந்துறச் சொல்லுங்க, ஹாஸ்டல்ல தங்கிக்கலாம். நீங்க வர வேண்டாங்க."

"சரிங்க மேடம்" என்றேன்.

அவளுடைய அம்மா இரண்டு நாள் என்னோடும் மகளோடும் பேசவில்லை. "கெடச்சத விட்டுட்டுப் பறக்குறதப் புடிக்கப் போறாளுக" என்று குழாயடியில் எல்லோரிடமும் சொன்னார். ஆனாலும் வெள்ளிக்கிழமை விடியற்காலை, மடிப்புக் கலையாத சேலையைக் கட்டிக்கொண்டு மகளோடு பஸ் ஏறினார். கூடலூரையே தாண்டிப் போகாதவர். கோயமுத்தூரில் எந்த பஸ், எங்கே இறங்குவது என்று நான் தாளில் எழுதி நீட்டினேன். மகள் அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கேட்டுக்கிறேன்க்கா" என்றாள். அக்கா என்றது காதில் விழுந்தது. அதுவே போதும் என்றிருந்தது.

சனிக்கிழமை நான் எங்கும் போகவில்லை. பாட்டிலில் போன் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் வீட்டு அத்தை மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்தார். "நீயே ஒரு போனப் போட்டுக் கேளேன், அவங்க சித்தப்பான்னு சொல்லி" என்றார். மாட்டேன் என்றேன். மாலையில் மழை பிடித்துக்கொண்டது, இருந்த இரண்டு கோடும் போய்விட்டன.

ஞாயிறு மாலை நாலு மணி பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். நான் குடையோடு நிறுத்தத்தில் நின்றிருந்தேன். முதலில் அம்மா இறங்கினார், கையில் மகளின் செருப்பு. பின்னால் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். இரண்டு பாதத்திலும் கட்டுப் போட்டிருந்தது. அந்த டிராக்கின் சொரசொரப்பு உள்ளங்கால் தோலைத் தேய்த்துவிட்டதாம். எங்கள் தார் ரோட்டில் காய்த்துப்போன காலே அதைத் தாங்கவில்லை.

அவள் முகத்திலிருந்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் கேட்கவும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது, காத்திருந்தேன். அம்மாதான் தாங்க மாட்டாமல் உடைத்தார்.

"ஜூன் பத்தாந்தேதி வந்து சேரணுமாம். ஒரு பெட்டியும் பாயும் கொண்டாரச் சொல்லுச்சு. நாலு பேருல இவதான் மொதல்ல வந்தா. கடைசிச் சுத்துல என்னா ஓட்டம் ஓடுனாங்கிற! நான் அங்கேயே கத்திப்புட்டேன், வெளில போங்கன்னுட்டாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் தோளில் பாரத்தைப் போட்டு, குதிகாலை மட்டும் ஊன்றி மேட்டில் ஏறத் தொடங்கினாள். பாதி தூரம் போனதும் சொன்னாள்:

"மேடம் உங்களப் பத்திக் கேட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"அவ்வளவு நல்லாப் பேசுச்சே, அந்த டீச்சரு ஓடுமான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். நானும் பேசாமல் நடந்தேன்.

"ஓடாதுங்க மேடம், பேச மட்டுந்தான் செய்யும்னு சொன்னேன்."

முன்னால் நடந்துகொண்டிருந்த அவளுடைய அம்மா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே, சாலை நடுவில் நின்று சிரித்தார்.